தள்ளி நின்று முதலில் பாருங்கள்: குழந்தைகள் அவசரப் பிரிவுக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஹவுஸ் சர்ஜன்களுக்கு,

தமிழ்நாட்டின் ஏதோ ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் இந்த மாதம் உங்களைக் குழந்தைகள் கேஷுவாலிட்டிக்குப் போட்டிருப்பார்கள். இறுதியாண்டில் படித்ததெல்லாம் இன்னும் மறந்திருக்காது. ஆனால் பாடப் புத்தகத்தில் நோயின் பெயர் தலைப்பில் இருக்கும், அறிகுறிகள் அதற்குக் கீழே வரும். இங்கே தலைப்பே இல்லாமல்தான் எல்லாக் குழந்தைகளும் வருகிறார்கள். "நேத்துலேர்ந்து பால் குடிக்கல", "கண்ணு சொருகுது", "என்னமோ மாதிரி இருக்கான் டாக்டர்". உங்கள் கையில் கிடைப்பது இவ்வளவுதான்.

புது மருந்து எதையும் சொல்ல இதை எழுதவில்லை. சொல்ல வந்தது ஒன்றுதான்: குழந்தையைத் தொடுவதற்கு முன் பாருங்கள், எதையாவது செய்த பிறகு மறுபடியும் வந்து பாருங்கள். இந்தப் பிரிவில் கோட்டை விடுவது பெரும்பாலும் அரிய வியாதி தெரியாததால் அல்ல. மூச்சை எண்ணாமல் விட்டது, சர்க்கரை பார்க்காமல் விட்டது, டிரிப்ஸைத் தொங்கவிட்டு அடுத்த குழந்தைக்குப் போனவர் திரும்பி வராதது, இவைதான்.

குழந்தை அம்மா மடியில் இருக்கும்போதே இரண்டடி தள்ளி நின்று அரை நிமிஷம் பாருங்கள். ஸ்டெதஸ்கோப் கழுத்திலேயே இருக்கட்டும். உங்களைப் பார்த்து வீரிட்டு அழுகிறதா? நல்லது. மூச்சுக்குழல் திறந்திருக்கிறது, அழத் தெம்பு இருக்கிறது, அந்நியர் என்று தெரிகிறது. ஒரே அழுகையில் மூன்று பதில்கள். ஒன்றரை வயதுக் குழந்தை முன்பின் தெரியாத உங்களிடம் முனகல்கூட இல்லாமல் வந்து தோளில் சாய்ந்துகொள்கிறதா? "எவ்வளவு சமத்து" என்று நர்ஸ் சொல்வார். அந்தச் சமத்துக்குப் பயப்படுங்கள். வரிசையை மீறி அந்தக் குழந்தையை உள்ளே கொண்டுபோங்கள்.

அடுத்து சட்டையைத் தூக்கச் சொல்லி மூச்சைப் பாருங்கள். இதில் நான் பிடிவாதக்காரி. பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது பெரியவர்களுக்குச் சரி. கைக்குழந்தையின் மூச்சு ஏறி இறங்கி, நின்று நின்று வரும்; முழு ஒரு நிமிஷம் எண்ணினால்தான் கணக்கு. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேகமான மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. விலா எலும்புக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுகிறதா, மூக்கு விடைக்கிறதா, மூச்சை விடும்போது முக்கல் கேட்கிறதா என்பதும் அதே ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். மூச்சை எண்ணாமல் கேஸ் ஷீட்டில் 24 என்று எழுதும் பழக்கம் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. எண்ணாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், பரவாயில்லை.

சத்தத்தையும் கவனியுங்கள். மூச்சை இழுக்கும்போது கரகரவென்று கேட்டு, நாய் குரைப்பதுபோல் இருமினால் குரூப். ஒரு வேளை டெக்ஸாமெத்தசோன் கொடுங்கள், அம்மா மடியிலிருந்து பிரிக்காதீர்கள், தொண்டைக்குள் குச்சியை விட்டு எட்டிப் பார்க்காதீர்கள். மூச்சை விடும்போது விசில் சத்தம் வந்தால், ஏற்கனவே இழுப்பு உள்ள பிள்ளையா என்று கேட்டு ஸ்பேசர் வைத்து சால்பியூட்டமால், இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம், முதல் ஒரு மணி நேரம். நெபுலைசர் வைத்தால்தான் வைத்தியம் பார்த்ததாகப் பெற்றோர் நினைப்பார்கள். ஸ்பேசர் அதற்குக் குறைந்ததல்ல. அரை மணி கழித்து விசில் சத்தம் நின்றுவிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன் முகத்தைப் பாருங்கள். விளையாடுகிறான் என்றால் குணமாகிறது. வியர்த்து, பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தால் காற்றே போகவில்லை என்று அர்த்தம். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூக்கொழுகலோடு மூச்சிரைத்து வரும் பிராங்கியோலைட்டிஸில் மூக்கை உறிஞ்சிச் சுத்தம் செய்வது, தேவைப்பட்டால் ஆக்ஸிஜன், பால் இறங்குகிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு எதுவும் குணமாவதை விரைவாக்காது. நன்றாக ஓடி விளையாடிய குழந்தைக்குத் திடீரென்று புரையேறி, அதன்பிறகு ஒரு பக்கம் மட்டும் காற்று குறைந்தால் வேர்க்கடலை தின்றதா என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது.

மூச்சு வேகமாக, ஆழமாக இருக்கிறது. ஆக்ஸிஜன் அளவு 99. நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை. இந்தக் குழந்தைதான் "வீசிங்" என்ற பெயரில் இரண்டு கிளினிக்கில் நெபுலைசர் வாங்கிக்கொண்டு மூன்றாவதாக உங்களிடம் வரும். பக்கத்தில் குனிந்தால் அழுகிய பழ வாசனை அடிக்கும். கொஞ்ச நாளாக நிறையத் தண்ணீர் குடிக்கிறாள், படுக்கையை நனைக்கிறாள், மெலிந்துவிட்டாள் என்பதையெல்லாம் கேட்டால்தான் அம்மா சொல்வார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் சர்க்கரை 400, 500 என்று காட்டும். முதல் வகை நீரிழிவு முதன்முதலாக வெளிப்படுவதே பல குழந்தைகளுக்கு இப்படித்தான். பதறிப்போய் இன்சுலினை ஊசியில் ஏற்றிக் குத்திவிடாதீர்கள். உப்புநீர் முதலில், நிதானமாக. ஒரு மணி நேரம் கழித்து இன்சுலினை டிரிப்பில் சொட்டுச் சொட்டாக. தலைவலி, தூக்கம், நாடி மந்தம் வந்தால் மூளை வீங்குகிறது என்று சந்தேகியுங்கள். சோர்ந்து வரும் எந்தக் குழந்தைக்கும், எந்த நோயானாலும், சர்க்கரை பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

இருமல் மருந்து பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு அரசின் ஆய்வகம் கண்டுபிடித்தது. சிரப்பில் நஞ்சைக் கலந்தவர்களின் குற்றம் தனி. ஆனால் அந்தக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு அந்தச் சிரப் தேவைப்பட்டிருக்கும்? இரண்டு வயதுக்குள் சளி, இருமல் சிரப் எதுவும் எழுத வேண்டாம் என்று மத்திய அரசே அறிவுறுத்தியிருக்கிறது. வெறும் கையோடு அனுப்பத் தயங்காதீர்கள். அனுப்பும்போது மூச்சை எப்படி எண்ணுவது என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுங்கள்.

காய்ச்சலுக்கு வருவோம். பெற்றோர் வாயைத் திறந்ததுமே 102, 103 என்று எண்தான் வரும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்த எண் முக்கியம், 100.4 தாண்டினால், குழந்தை நன்றாகவே தெரிந்தாலும், சீனியரைக் கூப்பிடுங்கள். அதற்கு மேற்பட்ட வயதில் எண்ணைவிட, காய்ச்சல் இறங்கியிருக்கும் நேரத்தில் குழந்தை எப்படி இருக்கிறது என்பதே பெரிது. 104-இல் துவண்டு கிடந்தவன் பாராசிட்டமால் வேலை செய்த பிறகு பிஸ்கட் கேட்டால் பாதிக் கவலை போயிற்று.

அந்தப் பாராசிட்டமாலை எழுதுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்றால் சொட்டில் ஒன்றரை மில்லி, 125 சிரப்பில் ஆறு மில்லி, 250 சிரப்பில் மூன்று மில்லி. "ஆறு மில்லி" என்று மட்டும் நீங்கள் சொல்லி, வீட்டில் இருப்பது சொட்டு மருந்தாக இருந்தால் நாலு மடங்கு போய்விடும். வீட்டில் இருக்கும் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். எடை போடாமல் எதையும் எழுதாதீர்கள்.

காய்ச்சலில் வலிப்பு வந்து ஓடி வருகிறவர்களின் முகத்தை நீங்கள் மறக்க மாட்டீர்கள். பிள்ளை செத்துவிட்டது என்றே அவர்கள் நினைத்திருப்பார்கள். கையில் சாவிக்கொத்து இருக்கும், வாயில் கரண்டி விட்டதில் உதடு கிழிந்திருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள், கைகால் முழுக்க வெட்டி, பதினைந்து நிமிஷத்துக்குள் நின்று, பிறகு பிள்ளை பழையபடி ஆகிவிட்டால் அது பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு. ஸ்கேன், இ.இ.ஜி. வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு மறுபடி வரலாம் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். அதனால் புத்தி மழுங்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் வாசலில் வந்து இறங்கும்போதும் வெட்டிக்கொண்டிருக்கும் குழந்தை வேறு. வீட்டில் தொடங்கி 108-இல் ஏறி வந்திருக்கிறது என்றால் ஐந்து நிமிஷம் எப்போதோ கடந்துவிட்டது. நரம்பு தேடிக்கொண்டு நிற்காதீர்கள். மிடாசோலாம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் மூக்கில் விடுங்கள், ஆக்ஸிஜன் வையுங்கள், சர்க்கரை பாருங்கள், குறைந்திருந்தால் பத்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 5 மில்லி.

காய்ச்சலே இல்லாமல், நன்றாக இருந்த ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைக்கு வலிப்பா? பூஜை அறையைப் பற்றிக் கேளுங்கள். கற்பூரம் கல்கண்டு மாதிரி இருக்கும், எட்டும் உயரத்தில் தட்டில் இருக்கும். விழுங்கிய சில நிமிஷங்களிலேயே வலிப்பு வரலாம். வாயை முகர்ந்தால் தெரிந்துவிடும். வீட்டு நஞ்சுகளில் மண்ணெண்ணெய்க்கு வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, இரைப்பையைக் கழுவவும் கூடாது; நுரையீரலுக்குள் போவதுதான் அதில் ஆபத்து. அரளிக் கொட்டை என்றால் உடனே இ.சி.ஜி. எலிப் பசை இன்னும் மோசம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையை நம் அரசு தடைசெய்த பிறகும் வீட்டு மூலைகளில் பழைய டியூப் கிடக்கத்தான் செய்கிறது. முதல் நாள் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும், பெற்றோர் வீட்டுக்குக் கூட்டிப்போக நிற்பார்கள். கல்லீரல் கெடுவது இரண்டு மூன்று நாள் கழித்து. விடாதீர்கள்.

மழைக்காலத்தில் சேர்ந்தவர்களுக்கு டெங்குதான் பெரிய பாடம். அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பெற்றோர் பயப்படும் காலம், நாம் பயப்பட வேண்டிய காலம். காய்ச்சல் கொதிக்கும் முதல் மூன்று நாள் அவர்களுடையது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் விட்டுவிடும். "சரியாயிடுச்சு டாக்டர், ஆனா சோர்ந்து கெடக்கான், வயிறு வலிக்குதுங்கறான்" என்று அம்மா சொல்வார். அந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவதுதான் வியாதி. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும் நேரம் அது.

எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். அமைச்சர் பேட்டியில்கூட அதுதான் வரும். நீங்கள் கையைத் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கையும் பாதமும் சில்லென்று இருக்கிறதா, மார்பெலும்பின் மேல் ஐந்து விநாடி அழுத்தி எடுத்தால் நிறம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது, கடைசியாக எப்போது மூத்திரம் போனான். பி.பி. 100-க்கு 80 என்று வந்தால் நார்மல் என்று எழுதிவிடத் தோன்றும். இரண்டுக்கும் இடைவெளி 20தான். அந்தக் குழந்தை ஷாக்கில் இருக்கிறது. ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று ஹெமட்டோக்ரிட் சொல்லும். பிளேட்லெட் இருபதாயிரமாக இருந்தும் ரத்தக்கசிவு இல்லாமல், கை வெதுவெதுப்பாக இருக்கும் பிள்ளையைவிட, எழுபதாயிரத்தோடு கை சில்லிட்டவன்தான் முதலில் போய்விடுவான். எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதால் பலன் இல்லை. புரூஃபென் கொடுக்காதீர்கள்.

டிரிப்ஸ் விஷயத்தில் நம் ஊரில் இரண்டு கட்சி. அள்ளி ஊற்றுபவர்கள் ஒன்று, பயந்து சொட்டுபவர்கள் ஒன்று. 2011-இல் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்த ஃபீஸ்ட் ஆய்வு முதல் கட்சிக்குப் பெரிய அடி. காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த குழந்தைகளில், வேகமாக நீர் ஏற்றப்பட்டவர்கள்தான் 48 மணி நேரத்துக்குள் அதிகம் இறந்தார்கள். அங்கே வென்டிலேட்டர் வசதி இல்லை, ரத்தசோகையும் மலேரியாவும் நிறைய. அப்படியே நம் வார்டுக்குப் பொருத்திவிட முடியாது என்பது என் கருத்து. அதற்காக எடுத்து மூலையில் வைத்துவிடவும் முடியாது. நான் வழக்கமாகச் சொல்வது இதுதான்: நீர் ஏற்றும் முன் கல்லீரல் விளிம்பைத் தொட்டுப் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கிலோவுக்கு 10 மில்லி போனபின் மறுபடி தொடுங்கள். விளிம்பு கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தால், நெஞ்சின் அடியில் கொரகொரப்பு புதிதாகக் கேட்டால், மூச்சின் எண்ணிக்கை ஏறியிருந்தால், நிறுத்துங்கள். நாடித்துடிப்பு மட்டும் அளவுக்கு மீறி ஓடி, ஏற்ற ஏற்ற மோசமாகிற குழந்தைக்கு இதயத் தசையே வீங்கியிருக்கலாம். இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு பேனா.

வயிற்றுப்போக்கைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்., கரண்டி கரண்டியாக, வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி. 1971-இல் வங்காள தேச அகதிகள் முகாமில் காலராவுக்கு டிரிப்ஸ் தீர்ந்துபோனபோது திலீப் மகலனாபிஸ் இதைத்தான் பீப்பாய்களில் கலந்து கொடுத்தார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைச் சர்க்கரைப் பானங்கள் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. அட்டைப்பெட்டி ஜூஸ் கொடுத்துவிட்டு "ஓ.ஆர்.எஸ். குடுத்தோமே" என்பவர்கள் இன்னும் வருவார்கள், பெட்டியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பதினாலு நாள் ஜிங்க் மறக்க வேண்டாம்.

உங்கள் அமெரிக்கப் பாடப்புத்தகம் கைவிடும் இடம் தேள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நட்டுவாக்காலி என்று பெரிய கருந்தேளைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு வருவார்கள். பார்க்கப் பயங்கரம், கடுப்பதோடு பெரும்பாலும் சரி. ஆளைக் கொல்வது சிறிய செந்தேள். கொட்டிய இடத்தில் வீக்கம்கூட இருக்காது. குழந்தை வாந்தி எடுக்கும், உடம்பு தெப்பலாக வியர்க்கும், கைகால் சில்லிடும், ஆண் பிள்ளைக்குக் குறி விறைத்து நிற்கும். நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோகும் இந்தக் குழந்தைகளுக்கு வழி கண்டவர் மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் வேலை பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர். பிராசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரை, கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியதை லான்செட் வெளியிட்டது. மாத்திரை கொடுத்தபின் குழந்தையைத் தூக்கி நிறுத்தாமல் படுக்க வையுங்கள். முதல் வேளையில் அழுத்தம் இறங்கலாம். கைகால் வெதுவெதுப்பாகிறதா என்று மணிக்கொரு தரம் தொட்டுப் பாருங்கள்.

பாம்புக்கடியில் ஒன்றே ஒன்று. தரையில் படுத்துத் தூங்கிய பிள்ளை விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்து, இமை சொருகினால் கட்டுவிரியனை நினையுங்கள். கடித்தது அவனுக்கே தெரிந்திருக்காது, தடமும் இருக்காது. விஷமுறிவு மருந்தின் அளவு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒன்றுதான். பாம்பு இறக்கும் விஷம் ஆளின் எடையைப் பார்த்து இறங்குவதில்லை.

வயிற்றுவலி என்று வரும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனின் கால்சட்டையைக் கழற்றிப் பாருங்கள். விதை முறுக்கிக்கொண்டதைச் சொல்ல வெட்கப்பட்டு வயிறு என்பான். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை அரங்குக்குப் போக வேண்டிய கேஸ் அது. கைக்குழந்தை விட்டு விட்டு அலறி, காலை மடக்கி, இடையில் வெளிறித் துவண்டால் குடல் செருகல். ரத்தமும் சளியுமாகப் போகும் வரை காத்திருக்காமல் ஸ்கேன் கேளுங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கி, அது உணவுக்குழாயில் நின்றால் இரண்டு மணி நேரத்தில் அரிக்கத் தொடங்கும். இரவானாலும் எண்டோஸ்கோப்பி ஆளை எழுப்புங்கள். இத்தனைக்கும் நடுவில் உங்களுக்கு ஒரு சந்தோஷமும் உண்டு. கையைப் பிடித்துத் தூக்கியதில் முழங்கை பிசகி, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு குழந்தை வரும். முன்கையை உள்பக்கமாகத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம்; பத்து நிமிஷத்தில் அதே கையால் சாக்லேட் வாங்கும். அப்பா உங்களைக் கும்பிடுவார். வாங்கிக்கொள்ளுங்கள், அடிக்கடி கிடைக்காது.

வந்தவர்களைத் திட்டாதீர்கள். உரம் விழுந்தது என்று துணியில் போட்டு உருட்டியிருப்பார்கள், தொக்கம் எடுத்திருப்பார்கள், மூக்கில் எண்ணெய் விட்டிருப்பார்கள், வேப்பெண்ணெய் புகட்டியிருப்பார்கள். வேப்பெண்ணெய் குடித்த கைக்குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வரும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் தங்கி நிமோனியாவாகும். இதை நீங்கள் கண்டுபிடிக்க ஒரே வழி பாட்டி வாயால் வருவதுதான். "அறிவில்லையா" என்று ஒரு முறை கத்திவிட்டால் பாட்டி அதற்கப்புறம் வாயைத் திறக்க மாட்டார், பக்கத்துப் பெட் பாட்டியும் திறக்க மாட்டார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு குழந்தையைப் பார்த்து, ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருந்தும் மனசு ஒப்பவில்லை என்றால், சீனியரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விடியும்வரை வைத்திருக்காதீர்கள். போன் செய்யுங்கள். எடுக்கும்போது குரல் கடுகடுப்பாக இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். நாங்களும் தூக்கத்தில்தான் இருப்போம். எடை, மூச்சு, நாடி, சர்க்கரை, கைகால் சூடு இந்த ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மீதியை வந்து சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
குழந்தைகள் அவசரப் பிரிவில் உங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்த ஒரு மருத்துவர்